வீட்டில் கட்டும் சிஎன்சி ரவுட்டருக்கு மோட்டார், டிரைவ், கண்ட்ரோலர்: கணக்கைக் கட்டரிலிருந்து தொடங்குங்கள்

நீங்கள் கேட்டது இது. 2×3 அடி மேசை, பெரும்பாலும் மரமும் எம்டிஎஃப்பும், எப்போதாவது அக்ரிலிக்கும் மெல்லிய அலுமினியமும். 1605 பால் ஸ்க்ரூ (16 மி.மீ. விட்டம், சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் திருகு) வாங்கியாகிவிட்டது. ஒய் அச்சுக்கு இரண்டு பக்கமும் ஸ்க்ரூ, ஆக மொத்தம் நான்கு மோட்டார். கட்டரைச் சுழற்றும் 1.5 கிலோவாட் ஸ்பிண்டிலும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டியும் கையில் இருக்கின்றன. மிச்சம் இருப்பது எலக்ட்ரானிக்ஸ் மட்டும். நீமா 34 (நீமா எண் மோட்டார் முகப்பின் அளவு) ஸ்டெப்பர் மோட்டார், அதாவது பல்ஸுக்கு ஒரு படியாகச் சுற்றும் மோட்டார், போட்டால் பலமாக இருக்குமா, மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவ் டிபி6600 போதுமா, கண்ட்ரோலருக்கு ஆர்டுயினோ போர்டா, கம்ப்யூட்டரில் ஓடும் மாக்3 மென்பொருளா, இல்லை கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்து, தன் நிலையைச் சரிபார்த்துக்கொண்டே ஓடும் செர்வோ மோட்டாருக்கே போய்விடலாமா என்பது கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீமா 23, சுமார் மூன்று ஆம்பியர், இண்டக்டன்ஸ் (கரண்ட் மாறுவதைக் காயில் எதிர்க்கும் அளவு) குறைவான மோட்டார். டிஎம்542 ரக டிஜிட்டல் டிரைவ் நான்கு. 36 வோல்ட் சப்ளை. ஈஎஸ்பி32 அல்லது டீன்சி போர்டில் ஓடும் கண்ட்ரோலர். நீமா 34 வேண்டாம், செர்வோ இப்போதைக்கு வேண்டாம். கையில் பணம் மிஞ்சினால் அதை குளோஸ்டு லூப் ஸ்டெப்பருக்கும் (தன் நிலையைக் கண்காணிக்கும் ஸ்டெப்பர்) நல்ல கேபிளுக்கும் போடுங்கள்.

பலரும் கடையில் மோட்டாரின் கேஜி எண்ணை, அதாவது கேஜி-செ.மீ. கணக்கில் சொல்லும் டார்க்கை (முறுக்குவிசை), பார்த்துத் தேர்வைத் தொடங்குகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை வீட்டு மெஷின்கள் சொதப்புவதற்கு முதல் காரணமே இந்த வரிசைதான். கட்டர் என்ன வேகம் கேட்கிறது, அந்த வேகத்துக்கு ஸ்க்ரூ நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும், அந்தச் சுற்றில் மோட்டாரிடம் எவ்வளவு டார்க் மிஞ்சுகிறது, அந்த டார்க்கை மிஞ்ச வைக்க எத்தனை வோல்ட் வேண்டும், கடைசியில் வினாடிக்கு எத்தனை பல்ஸ் வேண்டும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக வந்தால் எந்த டிரைவ், எந்தக் கண்ட்ரோலர் என்பது தானே தெரிந்துவிடும்.

உங்கள் மெஷினுக்கே போட்டுப் பார்ப்போம். 6 மி.மீ. இரண்டு ஃப்ளூட் (வெட்டும் பல்) கட்டர், ஸ்பிண்டில் 18,000 ஆர்பிஎம். மரத்தில் ஒவ்வொரு பல்லும் ஒரு சுற்றுக்கு 0.1 மி.மீ. சீவினால் 18,000 × 2 × 0.1, அதாவது நிமிடத்துக்கு 3,600 மி.மீ. ஃபீடு (வெட்டிக்கொண்டே நகரும் வேகம்). இதைவிட ரொம்ப மெதுவாக ஓட்டினால் கட்டர் சீவாமல் தேய்க்கும், மரம் கருகும், கட்டர் சூடேறி முனை போகும். அலுமினியத்துக்கு ஒற்றை ஃப்ளூட், பல்லுக்கு 0.05 என்று வைத்தால் 900 மி.மீ. போதும். ஆக உங்களுக்குச் சவால் அலுமினியம் இல்லை, மரம்தான். அலுமினியம் வெட்டப்போகிறேன், அதனால் பெரிய மோட்டார் வேண்டும் என்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

1605 ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும். 3,600 மி.மீ. ஃபீடுக்கு மோட்டார் 720 ஆர்பிஎம் ஓட வேண்டும். வெட்டாமல் நகரும் ரேப்பிட் 5,000 மி.மீ. என்றால் 1,000 ஆர்பிஎம். ஸ்டெப்பர் மோட்டாருக்கு இவை சின்ன எண்கள் இல்லை. 19 கேஜி-செ.மீ. என்று போட்டு விற்பது நின்ற இடத்தில் பிடித்து நிற்கும் ஹோல்டிங் டார்க். ஓட ஓட அது இறங்கிக்கொண்டே வரும். 1,000 ஆர்பிஎம்மில் எவ்வளவு மிஞ்சும் என்பது மோட்டாரின் இண்டக்டன்ஸையும் டிரைவுக்குக் கொடுக்கும் வோல்டேஜையும் பொறுத்தது.

இது எப்படி என்று ஒரு காயிலுக்குள் இறங்கிப் பார்க்கலாம். 1.8 டிகிரி மோட்டாரில் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். நான்கு முழு ஸ்டெப்புக்கு ஒரு முறை காயிலில் கரண்ட் ஒரு முழு வட்டம் வந்து திரும்பும். சுற்றுக்கு 50 வட்டம். 720 ஆர்பிஎம் என்றால் வினாடிக்கு 12 சுற்று, 600 வட்டம். கரண்ட் ஒரு திசையிலிருந்து எதிர்த் திசைக்கு மாறக் கிடைக்கும் நேரம் 0.83 மில்லி வினாடி. இப்போது மோட்டார் 3 ஆம்பியர், இண்டக்டன்ஸ் 3.2 மில்லிஹென்றி என்று வைத்துக்கொள்வோம். மைனஸ் 3 ஆம்பியரிலிருந்து பிளஸ் 3 ஆம்பியர் வரை, மொத்தம் 6 ஆம்பியர் மாற வேண்டும். 24 வோல்ட் கொடுத்தால் இதற்கு 0.8 மில்லி வினாடி ஆகும். கிடைத்த நேரமே அவ்வளவுதான். கரண்ட் உச்சத்தைத் தொடும்போதே திரும்ப வேண்டிய நேரம் வந்துவிடுகிறது. மோட்டாருக்கு டார்க் கொடுக்க நேரமே இல்லை. 48 வோல்ட் கொடுத்தால் 0.4 மில்லி வினாடியில் வேலை முடியும், மீதிப் பாதி நேரம் முழுக் கரண்ட் ஓடும். மோட்டார் சுற்றும்போது தானே உண்டாக்கும் எதிர் வோல்டேஜை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் 24 வோல்ட்டின் நிலை இன்னும் மோசம்.

அதே மோட்டார், அதே டிரைவ், சப்ளையை மட்டும் 24-லிருந்து 36-க்கு மாற்றியதும் மெஷின் வேறு மெஷின் போல ஓடுவதற்குக் காரணம் இதுதான். பெரிய மோட்டார் வாங்கியும் வேகம் வராததற்கும் இதே காரணம்தான். நீமா 34 மோட்டார்களில் இண்டக்டன்ஸ் பெரும்பாலும் கூடுதல், ரோட்டரின் எடையும் கூடுதல். அதை 36 வோல்ட்டில் ஓட்டினால் நிற்கும்போது மலையைப் பிடித்து நிற்கும், 600 ஆர்பிஎம்மில் கைவிடும். அதற்கு 70, 80 வோல்ட் டிரைவ் வேண்டும், செலவு வேறு திசையில் போய்விடும். 2×3 அடி மெஷினுக்கு அது தேவையே இல்லை.

தேவையில்லை என்று எதை வைத்துச் சொல்கிறேன்? 5 மி.மீ. ஸ்க்ரூவில் 1 நியூட்டன் மீட்டர் டார்க், உராய்வைக் கழித்தாலும், ஏறக்குறைய 1,100 நியூட்டன் தள்ளுவிசை தரும். 110 கிலோவுக்குச் சமம். 19 கேஜி மோட்டாரின் ஹோல்டிங் டார்க் 1.9 நியூட்டன் மீட்டர். வேகத்தில் அதில் கால் பங்கு மிஞ்சினாலும் 50 கிலோவுக்கு மேல் தள்ளும். இந்த அளவு மெஷினில் அதற்கு முன்னால் ஸ்பிண்டிலைச் சுமக்கும் உங்கள் கேன்ட்ரியே வளைந்துவிடும். ஆக டார்க் உங்களிடம் தாராளமாக இருக்கிறது. குறைவது வேகத்தில் நிலைத்து நிற்கும் டார்க், அதை வோல்டேஜால் வாங்க வேண்டும்.

மோட்டார் வாங்கும்போது மூன்று எண் கேளுங்கள்: ஃபேஸுக்கு எத்தனை ஆம்பியர், எத்தனை மில்லிஹென்றி, உடல் நீளம் எத்தனை மி.மீ. 57 மி.மீ. முகப்புள்ள நீமா 23-இல் 56 மி.மீ. நீளம் சுமார் 12 கேஜி, 76 மி.மீ. நீளம் சுமார் 19 கேஜி, 112 மி.மீ. நீளம் சுமார் 30 கேஜி. உங்களுக்கு 76 போதும். இசட் அச்சுக்கும் அதையே போட்டு, ஸ்பேர் ஒன்று வாங்கி வைத்தால் எதற்கும் ஆகும். எண் தெரியாது, 'நல்ல மோட்டார் சார்' என்று மட்டும் சொல்லும் கடையில் வாங்காதீர்கள், அது சென்னை ரிச்சி தெருவோ ஆன்லைனோ. எட்டு வயர் மோட்டார் கிடைத்தால் பேரலலாக இணையுங்கள். சீரிஸில் இணைத்தால் இண்டக்டன்ஸ் பேரலலைப் போல நான்கு மடங்கு ஆகும், மேலே பார்த்த கணக்கு முழுக்கக் கெட்டுவிடும்.

எத்தனை வோல்ட் வரை போகலாம் என்பதற்கு கெக்கோடிரைவ் நிறுவனத்தைத் தொடங்கிய மாரிஸ் ஃப்ரைமானிஸ் சொன்ன ஒரு விதி உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது: இண்டக்டன்ஸை மில்லிஹென்றியில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 32-ஆல் பெருக்குங்கள். 3.2 மில்லிஹென்றிக்கு 57 வோல்ட் வரும். அது மேல் எல்லை, அதைத் தாண்டினால் வேகம் கூடாது, சூடுதான் கூடும். நடைமுறையில் உங்கள் டிரைவ் அதற்கு முன்னாலேயே நிறுத்திவிடும். டிஎம்542 எடுத்துக்கொள்ளும் உச்சம் 50 வோல்ட். 48 கொடுத்தால் ஆயிற்று என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கேன்ட்ரி வேகமாக வந்து பிரேக் போட்டது போல நிற்கும்போது மோட்டார் ஜெனரேட்டராகி வோல்டேஜைத் திருப்பி அனுப்பும். 48-க்கும் 50-க்கும் நடுவே அதற்கு இடம் இல்லை. அதனால்தான் 36 சொல்கிறேன். 48 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (ரெடிமேட் பவர் சப்ளை) ஏற்கெனவே கையில் இருந்தால் அதிலுள்ள சின்ன திருகைத் திருப்பி 44 அளவுக்கு இறக்கி ஓட்டலாம்.

சப்ளையின் ஆம்பியர் கணக்கில் நான்கு மோட்டாரின் கரண்டையும் அப்படியே கூட்ட வேண்டியதில்லை. டிரைவ் உள்ளே வாங்கும் கரண்டும் மோட்டாருக்குக் கொடுக்கும் கரண்டும் வேறு வேறு. மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு போதும். நான்கு மோட்டார், தலா 3 ஆம்பியர், மொத்தம் 12, அதில் 8. 36 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் ஒன்று நிம்மதியாக ஓடும். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக் கொடுக்கும் கடை பக்கத்தில் இருந்தால் 25 வோல்ட் ஏசி செகண்டரி, ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர், பெரிய கெப்பாசிட்டர் வைத்து 34 வோல்ட் அளவில் ஒரு சப்ளை கட்டலாம். பிரேக் போடும்போது திரும்பி வரும் சக்தியை அந்தக் கெப்பாசிட்டர் தாங்கிக்கொள்ளும். ஆனால் வீட்டு வோல்டேஜ் ஏறினால் அதுவும் ஏறும் என்பதை மறக்கக்கூடாது.

இனி டிரைவ். ஆர்டுயினோ ஷீல்டில் (ஆர்டுயினோவின் மேல் மாட்டும் துணை போர்டு) செருகும் ஏ4988, டிஆர்வி8825 போன்ற சின்ன போர்டுகள் நீமா 17-க்கானவை. ஏ4988 அதிகபட்சம் 2 ஆம்பியர், 35 வோல்ட். அதுவும் ஹீட் சிங்க், ஃபேன் வைத்தால்தான். நீமா 23-ஐ அதில் மாட்டுவது வீண்.

டிபி6600 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் தோஷிபாவின் ஒரு சிப்புடையது. இன்று அந்தப் பெயர் போட்டு விற்கும் பெட்டிகள் பலவற்றுக்குள் அந்தச் சிப் இருப்பதில்லை, அதைவிடச் சின்ன வேறொரு சிப் இருக்கும். 4 ஆம்பியர் என்று மேலே போட்டிருப்பது உச்ச எண், தொடர்ந்து ஓடும் எண் அல்ல. ஓடாது என்று சொல்லவில்லை. 2.5 ஆம்பியர், 24 முதல் 30 வோல்ட் வரை, மெதுவாக ஓடும் சின்ன மெஷினில் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பவை உண்டு. ஆனால் ஸ்டெப்பர் மோட்டாருக்கு நடுவேகத்தில் ஓர் அதிர்வு வரும். ஓரிடத்தில் மோட்டார் உறுமும், சத்தம் மாறும், அப்படியே நின்றுவிடும். டிஎம்542, டிஎம்556 போன்ற டிஜிட்டல் டிரைவ்கள் கரண்டின் வடிவத்தைக் கணக்கிட்டு அந்த அதிர்வை அடக்குகின்றன. விலை வித்தியாசத்துக்கு நீங்கள் வாங்குவது இதைத்தான். கையை மோட்டார் மேல் வைத்து இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினால் வித்தியாசம் விரலிலேயே தெரியும்.

டிஎம்542-இன் பக்கவாட்டில் எட்டு டிப் ஸ்விட்ச் இருக்கும். முதல் மூன்றும் கரண்ட். மேலே அச்சடித்த அட்டவணையில் பீக், ஆர்எம்எஸ் என்று இரண்டு எண் வரிசை, 4.2 பீக் என்பது 3.0 ஆர்எம்எஸ். மோட்டாரில் போட்டிருக்கும் எண்ணோடு எதை ஒப்பிட்டீர்கள் என்பதைக் கவனியுங்கள். முதலில் ஒரு படி குறைவாக வைத்து ஓட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் ஏற்றுங்கள். ஸ்டெப்பர் மோட்டார் கை வைக்க முடியாத அளவு சுடுவது பழுதல்ல, 70, 80 டிகிரி அதற்குச் சாதாரணம். நான்காவது ஸ்விட்ச் நிற்கும்போது கரண்டைப் பாதியாக்குவது, பாதியிலேயே விடுங்கள். மீதி நான்கும் மைக்ரோஸ்டெப், அதாவது ஒரு முழு ஸ்டெப்பை எத்தனை சின்னப் படியாகப் பிரிப்பது என்பது.

மைக்ரோஸ்டெப்பை ஏற்றினால் துல்லியம் ஏறும் என்று நினைப்பது பரவலான தவறு. ஏறுவது வழவழப்பு மட்டும். சுற்றுக்கு 1,600 பல்ஸ் வையுங்கள். உங்கள் ஸ்க்ரூவில் அது மில்லிமீட்டருக்கு 320 பல்ஸ், ஒரு பல்ஸுக்கு 0.003 மி.மீ. மரத்துக்கு இதற்கு மேல் எதற்கு? இதைக் கண்டபடி ஏற்றினால் அடி வாங்குவது கண்ட்ரோலர்.

ஏனென்றால் 5,000 மி.மீ. ரேப்பிடில் வினாடிக்கு 83 மி.மீ., அதை 320-ஆல் பெருக்கினால் 26.7 கிலோஹெர்ட்ஸ். ஆர்டுயினோ ஊனோவில் ஓடும் ஜிஆர்பிஎல் என்ற கண்ட்ரோலர் மென்பொருளின் எல்லை 30 கிலோஹெர்ட்ஸ். விளிம்பில் நிற்கிறீர்கள். மைக்ரோஸ்டெப்பை இரட்டித்தால் 53 கிலோஹெர்ட்ஸ், ஊனோ கையை விரித்துவிடும். நாளைக்குச் செர்வோ போட்டு, சுற்றுக்கு 10,000 பல்ஸ் வைத்து, 10,000 மி.மீ. ஃபீடு கேட்டால் 333 கிலோஹெர்ட்ஸ்.

ஜிஆர்பிஎல்லைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எட்டு பிட் சிப்புக்குள் ஒரு முழு சிஎன்சி கண்ட்ரோலரை அடக்கி, அதை இலவசமாகக் கொடுத்த வேலை அது. சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட் 2009-இல் தொடங்கினார், பிறகு சுங்கன் ஜியான் அதை வளர்த்தெடுத்தார். அவர்கள் இல்லையென்றால் நம்மில் பலர் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டோம். ஆனால் 2×3 அடியில் இரண்டு ஒய் மோட்டாரோடு புதிதாகக் கட்டும் மெஷினுக்கு இன்று அதன் வாரிசுகளை எடுங்கள்: ஈஎஸ்பி32-இல் ஓடும் ஃப்ளூயிட்என்சி, டீன்சி 4.1 போன்ற போர்டுகளில் ஓடும் ஜிஆர்பிஎல்ஹால். இரண்டும் 32 பிட். பல்ஸ் வேகம் உங்களுக்குப் பிரச்சினையே ஆகாது. முக்கியமாக, இரண்டு ஒய் மோட்டாருக்கும் தனித்தனி ஹோம் ஸ்விட்ச் (தொடக்க இடத்தைக் காட்டும் ஸ்விட்ச்) வைத்து, கேன்ட்ரி கோணலாக நின்றாலும் ஒவ்வொரு முறையும் தானே நேராக்கிக்கொள்ளும். இது இல்லாமல் இரட்டை ஸ்க்ரூ மெஷினை வைத்துக்கொண்டு சதுரமாக ஒரு பெட்டி வெட்டுவது கஷ்டம்.

ஏற்கெனவே ஊனோவும் வி3 ஷீல்டும் வாங்கிவிட்டீர்கள் என்றால் பழக அது போதும். ஷீல்டிலிருந்து ஸ்டெப், டைரக்ஷன் பின்களை மட்டும் வயர் எடுத்து டிஎம்542-க்குக் கொடுக்கலாம். ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: பழைய வி3 ஷீல்டுகளில் இசட் லிமிட் என்று அச்சிட்ட இடம் 11-ஆம் பின். ஜிஆர்பிஎல் 0.9-இலிருந்து ஸ்பிண்டில் வேக சிக்னல் 11-க்கும், இசட் லிமிட் 12-க்கும் மாறிவிட்டன. ஷீல்டில் எழுதியிருப்பதை நம்பி இணைத்தால் இசட் ஹோமிங் எப்போதும் வேலை செய்யாது.

ஈஎஸ்பி32 எடுத்தால் வேறொரு பொறி இருக்கிறது. அதன் சிக்னல் 3.3 வோல்ட். டிஎம்542-இன் உள்ளே இருக்கும் ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் பாகம்) 5 வோல்ட்டுக்கானது. நேராக இணைத்தால் மேசையில் ஓடும், மெஷினில் பல்ஸ் விடும். நடுவே 74ஹெச்சிடி245 அல்லது 541 பஃபர் சிப் ஒன்று, 5 வோல்ட் சப்ளையில். ஹெச்சி வேண்டாம், ஹெச்சிடி என்று கேட்டு வாங்குங்கள். ஹெச்சிடி 2 வோல்ட்டையே ஹை என்று ஏற்கும், ஹெச்சி 3.5 கேட்கும். இந்தப் பஃபர் ஏற்கெனவே வைத்த சிஎன்சி போர்டு வாங்குவது இன்னும் நல்லது.

மாக்3 பற்றிக் கேட்டீர்கள். ஆர்ட் ஃபெனர்ட்டி எழுதிய அந்த மென்பொருளில் ஒரு தலைமுறையே தொழில் பழகியது. ஆனால் அதன் பேரலல் போர்ட் டிரைவர் 32 பிட் விண்டோஸில்தான் ஓடும். அதற்காகப் பழைய கம்ப்யூட்டர் தேடி வைத்திருப்பது, அது கெட்டால் இன்னொன்று தேடுவது என்பது புதிதாகத் தொடங்குபவர் செய்ய வேண்டிய வேலை அல்ல. லினக்ஸ்சிஎன்சி வேறு விஷயம். அமெரிக்க அரசின் என்ஐஎஸ்டி ஆய்வகத்தில் பிறந்து வளர்ந்தது. மேசா கார்டு ஒன்றோடு சேர்த்தால் தொழிற்சாலை மெஷினுக்கே போதும். பல்ஸை அந்தக் கார்டே உருவாக்கும், கம்ப்யூட்டரின் தாமதம் அதைத் தொடாது. லேத் கட்டி ஸ்பிண்டிலோடு இணைத்து மரை போட வேண்டும், ஐந்து அச்சு வேண்டும் என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். வெறும் மூன்று அச்சு ரவுட்டருக்குப் படிக்க வேண்டியது அதிகம்.

மெஷின் படிக்கவோ பழகவோ அல்ல, கதவும் ஜாலியும் வெட்டிச் சம்பாதிக்க என்றால் இன்னொரு வழி இருக்கிறது. மரக் கடைகளில் டிஎஸ்பி என்று சொல்லும் கைப்பிடிக் கண்ட்ரோலர், ரிச்ஆட்டோ ஏ11 மாதிரி. பென்டிரைவில் ஃபைலைக் கொண்டுவந்து செருகி, பட்டனை அழுத்தினால் போதும். மரத்தூள் பறக்கும் இடத்தில் லேப்டாப் வேண்டாம்; யுஎஸ்பி கேபிள் வழியே வரி வரியாக அனுப்பும்போது லேப்டாப் தூங்கிப் பலகை பாழாவதும் இல்லை. உள்ளே எதையும் மாற்ற முடியாது என்பது அதன் குறை. வேலைக்கு வைத்த ஆளிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்பது அதன் நிறை.

செர்வோ, குளோஸ்டு லூப் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 400 வாட் ஏசி செர்வோ 1.27 நியூட்டன் மீட்டரை 3,000 ஆர்பிஎம் வரை இறங்காமல் தரும், கொஞ்ச நேரத்துக்கு அதைப் போல மூன்று மடங்கும் தரும். உங்கள் ஸ்க்ரூவில் 3,000 ஆர்பிஎம் என்பது நிமிடத்துக்கு 15 மீட்டர். அந்த வேகத்தில் 16 மி.மீ. ஸ்க்ரூ சாட்டை போல ஆடத் தொடங்கும், பிரேம் அதிரும். வாங்கிய பலத்தைப் பயன்படுத்த உடம்பு வேண்டும். குளோஸ்டு லூப் ஸ்டெப்பர் இதற்கு நடுவில் இருக்கிறது: அதே நீமா 23, பின்னால் சுற்றை அளக்கும் ஓர் என்கோடர். சுமைக்கேற்ப கரண்ட் கூட்டும் குறைக்கும், சூடு குறையும், ஸ்டெப் விட்டால் டிரைவ் அலாரம் அடிக்கும். அந்த அலாரம் வயரைக் கண்ட்ரோலருக்கு இணைத்தால்தான் இதற்குக் கொடுத்த காசுக்கு அர்த்தம். இணைக்காவிட்டால் எக்ஸ் அச்சு அலாரத்தில் நின்றுவிடும், ஒய்யும் இசட்டும் எதுவும் தெரியாமல் வெட்டிக்கொண்டே போகும். சாதாரண ஸ்டெப்பர் ஒன்றிரண்டு மி.மீ. விட்டிருக்கும், இது பலகையைக் குறுக்கே கிழித்துவிடும்.

நல்ல மோட்டாரும் டிரைவும் வாங்கிய பிறகும் மெஷின் காரணமில்லாமல் நிற்கிறது என்றால் பெரும்பாலும் விஎஃப்டியின் மின் இரைச்சல்தான். ஸ்பிண்டிலுக்கு 400 ஹெர்ட்ஸ் வரை போகும் கரண்டை விஎஃப்டி நறுக்கி நறுக்கி அனுப்புகிறது, அந்தக் கேபிள் முழுநீளமும் ஒரு ஆன்டெனா. ஸ்பிண்டிலுக்கு ஷீல்டு கேபிள் (உள்ளே உலோக வலை சுற்றிய கேபிள்) போட்டு, ஷீல்டை விஎஃப்டியின் எர்த்தில் கட்டுங்கள். அந்தக் கேபிளும் லிமிட் ஸ்விட்ச் கேபிளும் ஒரே டிராக் செயினில் ஒட்டிப் படுக்கக் கூடாது. தாண்ட வேண்டிய இடத்தில் குறுக்கே தாண்டட்டும். ஸ்பிண்டில் ஆன் செய்ததும் லிமிட் அலாரம் வருவதற்குக் காரணம் பலவீனமான புல்லப் (சிக்னல் வயரை ஹையில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்). ஊனோவின் சிப்புக்குள் இருக்கும் புல்லப் 20 முதல் 50 கிலோஓம், வெளியே 2.2 கிலோஓம் ஒன்றும், பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் போட்டால் பெரும்பாலும் அடங்கும். இன்னும் நல்லது 24 வோல்ட்டில் ஓடும் ஸ்விட்ச், நடுவே ஆப்டோகப்ளர். ஸ்விட்ச் எதுவானாலும் நார்மலி குளோஸ்டு. வயர் அறுந்தால் மெஷின் நிற்க வேண்டும், ஓடக்கூடாது.

வீட்டு எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்த பிறகே விஎஃப்டியை ஆன் செய்யுங்கள். மூன்று பின் சாக்கெட் இருப்பதும் எர்த் இருப்பதும் ஒன்றல்ல. எமர்ஜென்சி ஸ்விட்ச் கண்ட்ரோலருக்கு ஒரு சிக்னல் அனுப்புவதோடு நிற்காமல், ஒரு கான்டாக்டர் வழியாக டிரைவ் சப்ளையையே வெட்ட வேண்டும். விஎஃப்டிக்கு அதன் ஸ்டாப் டெர்மினலில் தனியாக ஒரு இணைப்பு. பவர் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றாதீர்கள், அந்தத் தீப்பொறியில் டிரைவ் போய்விடும். எம்டிஎஃப் தூள் மாவு மாதிரி எங்கும் புகும், எஸ்எம்பிஎஸ் ஃபேன் அதை உள்ளே இழுக்கும். ஃபில்டர் வைத்த மூடிய பெட்டி ஆடம்பரம் இல்லை.

எல்லாம் இணைத்த பின் பலகை வைக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மேசையில் டயல் கேஜ் ஒன்றைப் பொருத்தி, ஸ்பிண்டில் முள்ளைத் தொடும் இடத்தில் பூஜ்யம் வையுங்கள். அங்கிருந்து அச்சை முழுநீளம் ரேப்பிடில் நூறு தடவை போய் வரச் செய்து, திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்பிண்டிலை ஓடவிட்டும் ஒரு முறை, நிறுத்தியும் ஒரு முறை. முள் பூஜ்யத்துக்கு வந்தால் ரேப்பிடை 10 சதம் ஏற்றி மறுபடி. தவறும் இடம் வந்ததும் அங்கிருந்து 30 சதம் இறக்கி அதை நிரந்தரமாக வையுங்கள். ஆக்ஸிலரேஷனுக்கும் இதே மாதிரி.

முள் தவறும் விதமே காரணத்தைச் சொல்லும். ஒரேயடியாக சில மி.மீ. தள்ளிப்போனால் மோட்டார் ஓரிடத்தில் நின்றுபோயிருக்கிறது: வேகம், ஆக்ஸிலரேஷன், வோல்டேஜ் பக்கம் பாருங்கள். ஸ்பிண்டில் ஓடும்போது மட்டும் தவறினால் இரைச்சல். போய் வரும் தடவைகளுக்கு ஏற்றபடி சீராக, எப்போதும் ஒரே பக்கம் நகர்ந்துகொண்டே போனால் டைரக்ஷன் சிக்னல். டிஎம்542, டைரக்ஷன் மாறியபின் குறைந்தது 5 மைக்ரோ வினாடி கழித்தே முதல் பல்ஸை எதிர்பார்க்கிறது. அதற்கு முன் பல்ஸ் வந்தால் அந்த ஒரு ஸ்டெப் பழைய திசையிலேயே விழும். ஆப்டோகப்ளர் ஆன் ஆகும் நேரமும் ஆஃப் ஆகும் நேரமும் வேறு என்பதால் இது ஒரு திசையில் மட்டும் நடந்து சேர்ந்துகொண்டே போகும். ஒரு ஸ்டெப் எதிர்ப் பக்கம் போனால் பிழை இரண்டு ஸ்டெப், ஒவ்வொரு முறையும் 0.006 மி.மீ. அளவுதான். ஆனால் பெயர்ப்பலகை செதுக்கும்போது இசட் 500 தடவை ஏறி இறங்கினால் 3 மி.மீ. ஆழம் மாறியிருக்கும். ஃப்ளூயிட்என்சி, ஜிஆர்பிஎல்ஹால், லினக்ஸ்சிஎன்சி மூன்றிலும் இந்தத் தாமதத்தைக் கூட்ட ஓர் அமைப்பு இருக்கிறது. அதை 10 மைக்ரோ வினாடி வைத்துவிட்டு சோதனையை மறுபடி ஓட்டுங்கள்.